மூட்டையில் எழுதியிருக்கும் 'மெடிக்கல் கிரேடு'

கேள்வி:

கோவையில் 18 வருடமாக ஒரு சின்ன இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். நான்கு மெஷின். பம்ப் இம்பெல்லர், ஸ்விட்ச் பாக்ஸ், ஸ்பின்னிங் மில் ஸ்பேர் என்று வண்டி ஓடுகிறது. போன மாதம் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து விசாரித்தார்கள். லாப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் வயிற்றுக்குள் செருகும் டிரோகாரின் வெளிக்குழாய் பாலிகார்பனேட்டில் வேண்டுமாம். ஆபரேஷனுக்குப் பிறகு வைக்கும் டிரெயின் டியூபுக்கு ஒரு கனெக்டர், பாலிபுரொப்பிலீனில். இரண்டும் சரியாக வந்தால், ஹெர்னியா வலையைப் பிடித்து நிறுத்தும் டேக் என்கிற சின்ன ஆணியையும் தருவதாகச் சொல்கிறார்கள். அது உடம்புக்குள்ளேயே தங்கிவிடுமாம். எங்கள் கிரானுல்ஸ் (பிளாஸ்டிக் குருணை) ஏஜெண்ட், "மெடிக்கல் கிரேடு தருகிறேன், யு.எஸ்.பி. கிளாஸ் 6 சர்டிஃபிகேட் இருக்கிறது, மூன்றுக்கும் அதுவே போதும்" என்கிறார். விலையோ சாதாரண கிரேடைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதை வாங்கி ஓட்டினால் போதுமா? ரன்னரை அரைத்துக் கலக்கலாமா? டேக் ஆர்டரை ஒத்துக்கொள்ளலாமா?

பதில்:

மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: கூடாது. அந்த ரன்னரை, அதாவது பாகத்தோடு சேர்ந்து வரும் உபரிப் பிளாஸ்டிக்கை, அரைத்து ஸ்விட்ச் பாக்ஸுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் கொஞ்சம் விரித்துத்தான் பேச வேண்டும். உங்கள் ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை. அவர் காட்டுகிற சான்றிதழ் அசலாகவே இருக்கும். ஆனால் அது அந்தக் கிரானுல்ஸுக்குக் கொடுத்த சான்றிதழ். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகப்போவது கிரானுல்ஸ் இல்லை, உங்கள் டையிலிருந்து (அச்சிலிருந்து) விழுகிற பாகம். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மில் ஸ்பேர் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் ஒரு மில் கதை.

1950களின் கடைசி. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் மருத்துவமனை. ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை நிபுணர், தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார். தொடை எலும்பின் மேல்முனையில் ஓர் எஃகு உருண்டை, அது உட்கார இடுப்பெலும்பில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது டெஃப்லான். வழுவழுப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. அமிலத்தில் போட்டாலும் காரத்தில் போட்டாலும் அசையாது. உடம்போடு ஒத்துப்போக இதைவிடப் பொருத்தமான பொருள் ஏது? வருடக்கணக்காக வலியோடு இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கிட்டத்தட்ட 300 பேருக்கு அதை வைத்தார்.

இரண்டு மூன்று வருடங்களுக்குள் கிண்ணங்கள் தேயத் தொடங்கின. எஃகு உருண்டை டெஃப்லானைக் குடைந்துகொண்டு மேலே ஏறியது. தேய்ந்து உதிர்ந்த தூள் மூட்டைச் சுற்றிச் சேர்ந்து, அந்த இடம் கெட்டிப்பட்டுக் கட்டியானது. பக்கத்து எலும்பும் அரிக்கப்பட்டது. சார்ன்லி அந்த நோயாளிகளை ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்து, தான் வைத்ததைத் தானே எடுத்தார்.

அந்தச் சமயத்தில், 1962ஆம் ஆண்டு, மருத்துவமனைப் பட்டறைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். அவர் விற்றுக்கொண்டிருந்தது மருத்துவப் பொருளே அல்ல. லங்காஷயர் நெசவு மில்களின் தறிகளுக்குப் போடும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். பொருள், மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன். பட்டறையில் இருந்த ஹாரி கிரேவன் என்ற மெக்கானிக் ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். சார்ன்லி அதைக் கையில் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, வீண் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிரேவன் விடவில்லை. தானே செய்த தேய்மான மெஷினில் அதை மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை. அந்த நவம்பரிலேயே முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் நோயாளிக்கு வைக்கப்பட்டது. இன்றைக்கு உங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு பாட்டிக்கு முழங்கால் மூட்டு மாற்றினால், இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே வைக்கிற அந்த வெள்ளைத் தகடு இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான்.

சார்ன்லி இன்னொன்றும் செய்தார். டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் துண்டுகளாகத் தன் தொடைக்குள்ளேயே வைத்துத் தைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து டெஃப்லான் வைத்த இடம் கைக்குத் தட்டுப்படும் கட்டியாக, வைத்த அளவைப் போல ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. பாலிஎத்திலீன் எங்கே இருக்கிறது என்றே தடவிப் பார்த்தால் தெரியவில்லை. 1963இல் லான்செட் இதழில் இதை எழுதினார். அப்போதெல்லாம் நெறிமுறைக் குழு என்று ஒன்று இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

இந்தக் கதையில் டெஃப்லான் என்ன குற்றம் செய்தது? வேதியியலாக ஒன்றுமில்லை. கடைசி வரை அது கரையவில்லை, எதையும் கசியவிடவில்லை. துகளானது, அவ்வளவுதான். மைக்ரான் அளவுத் துகளை நம் உடம்பின் விழுங்கணுக்கள் தின்னப் பார்க்கும். தின்ன முடியும், செரிக்க முடியாது. அந்தக் கோபத்தில் அவை சுரக்கிற பொருட்கள் அக்கம்பக்கத்து எலும்பைக் கரைத்துவிடும். அதே டெஃப்லானை இழுத்து நுண்துளைகள் வரச் செய்து குழாயாக்கினால், டயாலிசிஸ் நோயாளியின் கையில் செயற்கை ரத்தக்குழாயாக நல்ல பிள்ளையாக இருக்கிறது. அங்கே உரசல் இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் பாலிபுரொப்பிலீன் கதையும் அப்படித்தான். அதில் பின்னிய வலை ஹெர்னியாவுக்குப் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் போடப்படுகிறது. பெண்களுக்குக் கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையும் இறங்குவதைத் தடுக்கப் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலைகளை மட்டும் 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையிலிருந்து நிறுத்தச் சொன்னது. அங்கேயும் பாலிபுரொப்பிலீன்தான். இடம் வேறு, அங்கே உள்ள சதை வேறு, அசைவு வேறு.

இதனால்தான் 1986இல் செஸ்டர் நகரில் கூடிய நிபுணர்கள் 'பயோகம்பேட்டிபிள்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது, அதை ஒரு பொருளின் குணமாக மட்டும் எழுதவில்லை. ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டில், உடம்பிடமிருந்து தகுந்த எதிர்வினையோடு அந்தப் பொருள் தன் வேலையைச் செய்யும் திறன் என்று எழுதினார்கள். 'குறிப்பிட்ட பயன்பாட்டில்' என்பதை விட்டுவிட்டால் அந்த விளக்கத்தில் சாரமே இல்லை. மூட்டை மேல் அச்சடிக்க முடியாததும் அதுதான்.

சரி, ஏஜெண்டின் கிளாஸ் 6 சான்றிதழ் என்ன சொல்கிறது? அமெரிக்க மருந்து நூலில் உள்ள ஒரு பழைய சோதனைத் தொகுப்பு அது. பிளாஸ்டிக்கை உப்புநீர், ஆல்கஹால் கலந்த உப்புநீர், தாவர எண்ணெய் போன்றவற்றில் ஊறவைத்து, அந்தச் சாற்றை எலிக்கும் முயலுக்கும் ஊசியில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு துண்டை முயலின் தசைக்குள்ளும் வைத்துப் பார்ப்பார்கள். உடனடி விஷத்தன்மை இல்லை, எரிச்சல் இல்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஒவ்வாமை உண்டாகுமா, மரபணுவைப் பாதிக்குமா, வருடக்கணக்கில் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்ற பக்கமே அது போவதில்லை. சோதித்ததும் கிரானுல்ஸ் கம்பெனி தன் மெஷினில் வார்த்த தட்டையான மாதிரியைத்தான். 'மெடிக்கல் கிரேடு' என்ற பெயருக்குச் சட்டத்தில் தனி இலக்கணம் கிடையாது. இந்தக் குழப்பம் பொறுக்காமல்தான் ஜெர்மனியின் பொறியாளர் சங்கம் அதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் சோதனைகள் அல்ல. கலவையை மாற்றாதே, மாற்றுவதானால் வெகுநாள் முன்பே வாடிக்கையாளருக்குச் சொல் என்று சப்ளையரைக் கட்டிப்போடுவதுதான். இரண்டு மடங்கு விலை கொடுக்கிறீர்களே, அதில் பெரும்பங்கு இந்த வாக்குறுதிக்குத்தான். ஏஜெண்டால் அந்த வாக்குறுதியை எழுத்தில் தர முடியாவிட்டால் நீங்கள் வாங்குவது வெறும் பெயரைத்தான்.

இனி நான் சறுக்கிய கதை. வருடங்களுக்கு முன் ஒரு கனெக்டர். உங்களுக்கு வந்திருப்பதைப் போன்றதுதான். கிரானுல்ஸ் நம்பர் ஒன். மாதிரிகளைச் செல் சோதனைக்கு அனுப்பினோம். பாகத்தை ஊட்டத் திரவத்தில் 37 டிகிரியில் ஊறவைத்து, அந்தத் திரவத்தை எல்929 என்ற எலிச் செல்கள் மேல் ஊற்றுவார்கள். செல்கள் எவ்வளவு சாகின்றன என்று பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 2ஐத் தாண்டினால் தோல்வி. எங்களுக்கு 4 வந்தது. ஒரு செல் மிச்சமில்லை. கிரானுல்ஸ் கம்பெனியைத் திட்டிக் கடிதம் எழுதினேன். அவர்கள் பொறுமையாகத் தங்கள் லாட் ரிப்போர்ட்டை அனுப்பினார்கள், எல்லாம் 0. ஒரு மாதத்துக்கு மேல் தேடினோம். கடைசியில் பழைய ஆபரேட்டர் ஒருவர் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும். டை துருப்பிடிக்காமல் இருக்கச் சனிக்கிழமை இரவு ஸ்பிரே அடித்துவிட்டுப் போவார்கள். திங்கள் காலை முதல் நூறு ஷாட்டில் அது பாகத்தோடு வெளியே வரும். சோதனைக்கு மாதிரி எடுத்தது திங்கள் காலை. கெட்டது பிளாஸ்டிக் இல்லை, எங்கள் பழக்கம்.

உங்கள் ஷெட்டையும் அந்தக் கண்ணோடு ஒரு சுற்றுப் பாருங்கள். பாகம் ஒட்டினால் சிலிகான் ஸ்பிரே அடிக்கிறீர்களா? எஜெக்டர் பின்னுக்கு எந்த கிரீஸ்? நேற்று கறுப்பு மாஸ்டர்பேட்ச் (நிறக் கலவை) ஓடிய பேரலில் இன்று இதை ஓட்டுவீர்களா? எவ்வளவு பர்ஜ் பண்ணி உள்ளே இருப்பதைத் தள்ளி வெளியேற்றினாலும் ஸ்க்ரூவின் மூலையில் ஒட்டிக்கொண்டிருப்பது மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும். இந்த வேலைக்கு ஒரு மெஷினை, இல்லையென்றால் குறைந்தது ஒரு பேரல், ஸ்க்ரூ, ஹாப்பர், டிரையர் ஆகியவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். நான்கில் ஒன்று போவது உங்களுக்குச் சின்ன விஷயமில்லை என்று தெரியும்.

பாலிகார்பனேட்டில் இன்னொரு தொல்லை. இம்பெல்லருக்கு நைலான் ஓட்டியிருந்தால் உலர்த்துவதன் அருமை தெரிந்திருக்கும். இங்கே அது பத்து மடங்கு. 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் காயவைத்து, ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே பேரலுக்குள் போக வேண்டும். ஈரத்தோடு உருக்கினால் நீர் அதன் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டும். பாகத்தில் வெள்ளிக் கோடு தெரிவது அழகுக் குறை மட்டும் அல்ல. உள்ளே பலம் குறைந்துவிட்டது, அத்தோடு அதைச் செய்த மூலப்பொருளான பிஸ்ஃபினால்-ஏ விடுபடுகிறது என்று அர்த்தம். ரன்னரை அரைத்துப் போடாதீர்கள் என்றதற்கும் காரணம் இதுதான்: ஒரு தடவை உருகியதை மறுபடி உருக்கினால் சங்கிலி இன்னும் துண்டாகும். போதாததற்கு கிரைண்டர் பிளேடின் இரும்புத் துகள், யார் எந்த லாட்டை எதில் கலந்தார்கள் என்ற குழப்பம். சூட்டோடு வேகமாகக் குளிரவைத்து சைக்கிள் டைமைக் குறைக்கும் வித்தையையும் இங்கே காட்டாதீர்கள். பாகத்துக்குள் இறுக்கம் உறைந்துபோகும். நரம்பில் ஏற்றும் கொழுப்புச் சத்துத் திரவம் பட்டு பாலிகார்பனேட் ஸ்டாப்காக்குகள் (டிரிப்ஸ் லைனைத் திறந்து மூடும் திருகுகள்) கீறல் விட்டது மருத்துவமனைகளில் பழைய கதை.

டையிலிருந்து வந்த பிறகும் பாகத்தின் பயணம் முடியவில்லை. கிருமி நீக்கம் இருக்கிறது. உங்களுக்கு ஆர்டர் தருகிறவர் எந்த முறையில் ஸ்டெரிலைஸ் செய்யப்போகிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விலை பேசும் முன்பே இதைத்தான் கேட்பேன். காமா கதிர் என்றால் வழக்கமான கதிர் அளவு 25 கிலோகிரே. சாதாரண பாலிபுரொப்பிலீனுக்கு அது எமன். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பாகம் நன்றாக வளையும். கதிர் பட்டு உடைந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஃப்ரீ ராடிக்கல் என்ற வினைத்துடிப்புள்ள துணுக்குகள் கிடங்கில் இருக்கும்போதே ஆக்சிஜனோடு சேர்ந்து சங்கிலியை வெட்டிக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து நர்ஸ் கவரைப் பிரித்துக் கனெக்டரை டியூபில் அழுத்தும்போது அது அப்பளமாக உடையும். காமாவைத் தாங்கும் கிரேடு தனியாக இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பாலிகார்பனேட் உடையாது, மஞ்சளாகும். அதை மறைக்க லேசான நீலச் சாயம் கலந்த கிரேடுகள் உண்டு. எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் இரண்டு பிளாஸ்டிக்கும் பயமில்லாமல் தாங்கும். ஆனால் அந்த வாயுவே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பாகத்துக்குள் ஊறிய வாயு வெளியேறக் காற்றோட்டமான இடத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் உடம்பைத் தொட்டுவிட்டு வந்துவிடும் கருவியிலிருந்து நோயாளிக்குப் போகும் வாயு 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவக் கருவிகளின் உயிரியல் மதிப்பீட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலைத் தொகுப்பின் ஏழாவது பாகத்தில் உள்ள வரம்பு.

சார்ன்லியின் பாலிஎத்திலீனுக்கே இந்தக் கதி வந்தது. பல வருடங்களாக அந்த மூட்டுக் கிண்ணங்களையும் முழங்கால் தகடுகளையும் காற்றோடு சேர்த்துக் கவரில் போட்டு காமா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் காத்திருந்த காலத்திலேயே அவை ஆக்சிஜனைத் தின்று, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெளுத்துப்போய், உடம்புக்குள் போனதும் அடுக்கடுக்காக உரிந்தன. 1990களில் காரணம் தெளிவானதும் நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ அடைக்க மாறினார்கள். முப்பது வருடம் பேரெடுத்த பொருளையே கவருக்குள் இருந்த காற்று கெடுத்தது.

இப்போது உங்கள் மூன்று பாகங்களுக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஓ. 10993இன் முதல் பாகம் இரண்டு கேள்வி கேட்கும்: உடம்பில் எதைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது. நேரத்துக்கு மூன்று படிகள்: 24 மணி நேரம் வரை, அதிலிருந்து 30 நாள் வரை, 30 நாளுக்கு மேல்.

டிரோகார் குழாய் முதல் படி. வயிற்றுச் சதையைத் தொடும், ஆபரேஷன் முடிந்ததும் வெளியே வரும். செல் சோதனை, ஒவ்வாமை, எரிச்சல், உடனடி விஷத்தன்மை, காய்ச்சல் உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்ற அளவில் முடிகிற விஷயம். செல் சோதனை ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கினிப்பன்றியில் செய்யும் ஒவ்வாமைச் சோதனைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உங்களைப் போன்றவர் தொழிலுக்குள் வர நல்ல வாசல் இது.

கனெக்டரைப் பார்த்தால் டிரோகாரைவிட அப்பாவி போலத் தெரியும். அது உடம்புக்கு வெளியேதான் தொங்கும். இங்கே கேட்க வேண்டியது, திரவம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. டிரெயினில் ரத்தமும் நீரும் உடம்பிலிருந்து வெளியே வருகின்றன. கனெக்டரிலிருந்து எதாவது கசிந்தாலும் அது பாட்டிலுக்குத்தான் போகும். இதே உருவத்தில், இதே டையில், டிரிப்ஸ் லைனுக்கு ஒரு கனெக்டர் அடித்தால் கசிவெல்லாம் நேராக ரத்தத்துக்குப் போகும். அப்போது பரிசோதனைப் பட்டியலே வேறு. நாளை வாடிக்கையாளர் "இதையே ஐ.வி. செட்டுக்கும் போட்டுக்கொள்கிறோம்" என்று போனில் சொன்னால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள், புது ஆர்டராக எழுதி வாங்குங்கள். டிரெயின் எத்தனை நாள் வைப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

கசிவு என்றதும் ஒரு சின்ன விலகல். கசிவது எல்லாம் கெடுதல் என்றும் இல்லை. ரத்தப் பை பி.வி.சி.யில் செய்கிறார்கள், அதை இளக்கச் சேர்க்கும் டி.இ.எச்.பி. ரத்தத்துக்குள் கசிகிறது. பச்சிளம் குழந்தைகள் விஷயத்தில் அது கவலைக்குரியது என்று உலகமே அதை மாற்றப் பார்க்கிறது. மாற்றுவது எளிதாக இல்லை. காரணம் விசித்திரமானது: கசிந்த அதே பொருள் சிவப்பணுக்களின் உறையில் சேர்ந்து, அவை உடையாமல் கூடுதல் நாள் தாங்க உதவுகிறது. இதையெல்லாம் எந்த மூட்டை சொல்லும்?

டேக் விஷயத்தில் என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். இது மூன்றாவது படி, ஆயுள் முழுக்க உள்ளே. நாள்பட்ட விஷத்தன்மை, மரபணுப் பாதிப்பு, மாதக்கணக்கில் விலங்கின் உடம்பில் வைத்துப் பார்ப்பது, புற்றுநோய் அபாயத்துக்கு எழுத்துப்பூர்வ மதிப்பீடு என்று போகும். அதைச் சமாளித்தாலும் கிரானுல்ஸ் கம்பெனியே உங்களை நிறுத்தும். ஏஜெண்டிடம் அந்த கிரேடின் டேட்டா ஷீட்டையும் மருத்துவப் பயன்பாட்டுக் கொள்கையையும் வாங்கிக் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். 30 நாளுக்கு மேல் உடம்புக்குள் தங்கும் கருவிகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். "மூன்றுக்கும் அதுவே போதும்" என்றவர் அதுவரை படித்திருக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்? மறுபடியும் டெஃப்லான்தான். 1980களில் அமெரிக்காவில் வைடெக் என்ற கம்பெனி தாடை மூட்டுக்கு டெஃப்லான் கலந்த இம்பிளாண்ட் விற்றது. தாடை மூட்டு நாள் முழுக்க அரைக்கிற மூட்டு. சார்ன்லி கற்ற பாடம் அங்கே திரும்ப நடந்தது, எலும்புகள் அரிக்கப்பட்டன. வைடெக் 1990இல் திவாலானது. நோயாளிகளின் வழக்கறிஞர்கள் டெஃப்லான் தயாரித்த டுபாண்ட் மீது திரும்பினார்கள். ஒரு இம்பிளாண்டுக்குச் சில சென்ட் மதிப்புள்ள பொருளை விற்றதற்காக டுபாண்ட் வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்றது. வழக்குகளில் வென்றும், போதும் சாமி என்று பெரிய கம்பெனிகள் இம்பிளாண்டுக்கு விற்பதையே நிறுத்தத் தொடங்கின. மூலப்பொருள் விற்பவரைக் காக்க 1998இல் அமெரிக்கா தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. இன்றும் இம்பிளாண்டுக்கான பாலிமரைச் சில கம்பெனிகளே விற்கின்றன, அதுவும் ஒப்பந்தம் போட்டு, கிலோக் கணக்கில்.

அந்த விலையைப் பார்த்ததும் மனசு வேறு பக்கம் போகும். பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று. பிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி அப்படித்தான் நினைத்தது. மார்பக இம்பிளாண்டுக்குள் அனுமதி பெற்ற மருத்துவ சிலிகானுக்குப் பதில் மலிவான தொழிற்சாலை சிலிகானை நிரப்பியது. ஆடிட் வரும்போது காட்டுவது ஒன்று, உள்ளே போவது ஒன்று. 2010இல் மாட்டியது. அதன் நிறுவனருக்கு 2013இல் நான்கு வருடச் சிறை. உள்ளே வைத்துக்கொண்ட பெண்கள் பல நாடுகளில் திரும்ப அறுவைக்குப் போனார்கள். நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று சொல்லவில்லை. ஸ்டாக் தீர்ந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் உங்கள் சூப்பர்வைசர் பக்கத்து மூட்டையை அவிழ்க்காமல் இருக்க வேண்டுமே.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் கருவிகளை அபாயத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை பிரிக்கின்றன. ஏ, பி வகுப்புக்கு மாநில அதிகாரி உரிமம் தருவார். சி, டி என்றால் டெல்லி. நீங்கள் பாகம் மட்டும் வார்த்துக் கொடுத்து, கோத்து, பேக் செய்து, தன் பெயரில் விற்பது அந்தக் கம்பெனி என்றால் பொதுவாக உரிமம் அவர்கள் தலைவலி. ஆனால் உங்களிடம் ஐ.எஸ்.ஓ. 13485 தர அமைப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். வந்து ஆடிட் செய்வார்கள். வார்க்கும் இடம் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 8ஆம் வகுப்புத் தூய்மை அறையாக வேண்டும். கோத்து, பேக் செய்து தரும் வேலையையும் உங்களிடமே தள்ளப் பார்த்தால், உரிமம் யார் பெயரில் என்பதை முதல் நாளே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கிரானுல்ஸைப் பற்றிய சந்தேகங்களுக்குச் சென்னை கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. உருகு ஓட்டம், ஈரம், இழுவிசை எல்லாம் அங்கே பார்க்கலாம். உயிரியல் சோதனைகளுக்குத் திருவனந்தபுரம் பூஜப்புராவில் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. இந்தியாவின் சொந்த இதய வால்வு பிறந்த இடம் அது. முந்தைய மாதிரிகள் தோற்று, நான்காவதாகச் செய்ததை 1990 டிசம்பரில் நோயாளிக்கு வைத்தார்கள். அதில் ரத்தத்தை விட்டு விட்டு அடைக்கும் தட்டு எதனால் ஆனது தெரியுமா? கிரேவன் பட்டறையில் வாங்கி வைத்தாரே, அந்தத் தறிச் சக்கரப் பாலிஎத்திலீன் குடும்பம்தான்.

முதலில் டிரோகார், கனெக்டர் இரண்டுக்கும் டிரையல் ஓட்டுங்கள். வாரத்தின் முதல் நாள் முதல் ஷிஃப்டில் வந்த பாகங்களையே எடுத்து, வாடிக்கையாளர் சொல்லும் முறையில் ஸ்டெரிலைஸ் செய்த பிறகு, செல் சோதனைக்கு மட்டும் அனுப்புங்கள். இருப்பதில் மலிவானதும் சீக்கிரம் தெரிவதும் அதுதான். அதில் தேறினால் மற்றவற்றுக்குச் செலவு செய்யுங்கள். தேறாவிட்டால் ஸ்பிரே டப்பா எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். டேக் பற்றிக் கேட்டால், இந்த இரண்டையும் ஒரு வருடம் ஒரு புகாரும் இல்லாமல் கொடுத்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். நல்ல கம்பெனியாக இருந்தால் அந்தப் பதிலுக்காகவே உங்களை மதிப்பார்கள்.

ஏஜெண்டுக்கு நாளைக்கே இரண்டு கேள்வி அனுப்புங்கள். இந்த கிரேடு எந்த ஸ்டெரிலைசேஷனுக்குத் தகும்? கலவை மாறினால் எத்தனை மாதம் முன்பு எழுத்தில் தெரிவிப்பீர்கள்? இரண்டாவதற்கு அவர் "கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால், பதில் கையில் வரும் வரை மூட்டைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.